வாடைக்கு ஒரு கரை, கச்சானுக்கு ஒரு கரை: மொழியையும் கணினியையும் விடாமல் கற்கும் முறை

புதிதாகக் கற்க வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, அவர்கள் பாதியில் விட்ட பழைய நோட்டைத்தான். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர் ஒன்றில், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் அடிப்படைக் கணினியும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வந்த ஒரு மாணவி, நான் கேட்டதும் தயங்கித் தயங்கி ஓர் இந்தி நோட்டை எடுத்து நீட்டினாள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, பெயர், தேதி. அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் இழுத்த ஓரக்கோடு. ஒன்பது பக்கங்கள்வரை ஒவ்வோர் இந்திச் சொல்லின் கீழும் அதன் உச்சரிப்பு தமிழில் அழகாக எழுதப்பட்டிருந்தது. பத்தாம் பக்கத்தில் சிவப்புக் கோடு நின்றுபோயிருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் தேதி இல்லை. பதினான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. அதன் பிறகு எல்லாம் வெற்றுத்தாள்கள். கடைசித் தாளில் மட்டும் அவளுடைய அம்மா பென்சிலால் எழுதி வைத்த நண்டுக் கணக்கு.

“எனக்கு எதிலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது சார். இந்தி ஆரம்பிச்சேன், விட்டுட்டேன். டைப்பிங் போனேன், அதையும் விட்டுட்டேன்” என்றாள்.

இதே சொற்களை ஒவ்வோர் ஆண்டும் பல பிள்ளைகளின் வாயால் கேட்கிறேன். தங்களிடம் ஏதோ பிறவிக் குறை இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் அவர்கள் வருகிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் “எடுத்த எதையும் முடிக்காதவள்” என்று பட்டம் கட்டியிருப்பார்கள். ஆர்வம் ஏறி இறங்குவதை நிறுத்த என்னால் ஒரு வழியும் சொல்ல முடியாது. ஆனால் அது இறங்கிக் கிடக்கிற நாள்களிலும் கற்றல் அறுந்துபோகாமல் காக்கும் முறை உண்டு. அதை என் மாணவர்களிடம் பார்த்து உறுதிசெய்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கடல்கள்

காற்று திசை மாறுவதைப் பற்றி இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குக் காற்றாகிய கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும். பாக் நீரிணையாகிய வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எழுந்துவிட்டால் நிலைமை தலைகீழாக மாறும். பாம்பனிலும் மண்டபத்திலும் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறவர்களில் பலர், காற்று மாறிவிட்டதே என்று கரையில் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. படகை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கொண்டுபோய்த் தொழிலைத் தொடர்கிறார்கள்.

ஒரு மொழியையும் ஒரு கணினித் திறனையும் சேர்த்துக் கற்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே காரணம். இரண்டிலும் ஏற்படும் சோர்வு ஒரே வகையானதன்று. மொழியில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது; மூன்று மாதம் உழைத்தவரும் நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு காண மாட்டார். ஆகவே அங்கே வருவது சலிப்பு. கணினியில் பலன் உடனே தெரியும். ஆனால் ஒரு சிறு பிழையில் முட்டிக்கொண்டால் இரண்டு நாள் ஓரடி நகர முடியாது. ஆகவே அங்கே வருவது முட்டுக்கட்டை. சலித்தவருக்கு உடனே பலன் தெரிகிற வேலையும், முட்டிக்கொண்டவருக்கு மெல்ல நகர்கிற வேலையும் ஆறுதல் தரும் என்பதால், ஒன்று மற்றதற்கு மருந்தாக அமைகிறது.

ஒரு மொழி, ஒரு கணினித் திறன் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலம், இந்தி, கொரியன், டேலி கணக்கு மென்பொருள், பைத்தான் நிரல்மொழி என்று ஐந்தையும் ஒரே ஜூன் மாதத்தில் தொடங்குகிற பிள்ளைகள் ஆகஸ்டில் ஐந்தையும் விட்டிருப்பார்கள். ஐந்து கடலில் கட்டிவைக்க ஒருவரிடம் படகு கிடையாது.

கரை மாறுவதற்கும் ஒழுங்கு வேண்டும். நாளுக்கு நாள் மாறினால் அது தப்பித்து ஓடுவதாகிவிடும். ஒரு பக்கம் போனால் குறைந்தது நான்கு வாரம் அங்கே இருங்கள். நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுங்கள். மறு பக்கத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் அந்த ஐந்து நிமிடம் கட்டாயம் வேண்டும். மாறுகிற நாளையும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பாடத்தின் நடுவே புரியாத இடத்தில் எரிச்சலோடு விட்டுப் போனால், திரும்பி வரும்போது அந்த எரிச்சல்தான் வாசலில் நிற்கும். ஒரு பாடம் முடிந்த இடத்திலோ, ஒரு பயிற்சி சரியாக வந்த இடத்திலோ நிறுத்துங்கள். நிறுத்தும்போது நோட்டில் ‘விட்ட இடம்’ என்று தலைப்பிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். “இறந்தகால வாக்கியங்கள் முடிந்தன; அடுத்து அவற்றைக் கேள்வியாக மாற்றிப் பார்க்க வேண்டும்” என்பது போல அந்த வரி துல்லியமாக இருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வருகிறவருக்கு அந்த ஒரு வரி செய்யும் உதவியை எந்த ஆசிரியரும் செய்ய முடியாது.

சோர்வுக்குக் காரணம் கண்டுபிடித்தல்

கரை மாறுவதற்கு முன்னால், ஆர்வம் எப்போது, எதனால் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு நோட்டின் ஓரத்தில் மூன்றே குறிப்புகளை எழுதுங்கள்: தேதி, எத்தனை நிமிடம் படித்தீர்கள், உட்காரும்போது மனம் எப்படி இருந்தது. மனத்துக்கு ‘நிறைய’, ‘கொஞ்சம்’, ‘இல்லை’ என்ற மூன்று சொற்கள் போதும். படிக்காத நாளிலும் தேதியை எழுதிச் சுழியம் போடுங்கள். அந்தச் சுழியங்களில்தான் விடை இருக்கிறது.

நான் முன்னே சொன்ன மாணவியும் நானும் அவளுடைய பழைய நோட்டைத் தேதி தேதியாகப் பார்த்தோம். சிவப்புக் கோடு நின்றுபோன வாரம் சித்திரை கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அவளுடைய அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். ஆகவே அவர்கள் இருவரும் பகல் முழுவதும் வீட்டில் இருந்தார்கள், கையில் பணம் இல்லை, அவள் உட்கார்ந்து படித்த திண்ணையில் வலை விரித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் சின்ன வேலைகளுக்குக் கூடுதலாகப் போனதால் சமையல் இவள் தலையில் விழுந்தது. ‘மனசு ஒட்டவில்லை’ என்று அவள் எண்ணியது உண்மையில் உட்கார இடமும் நேரமும் இல்லாமல் போனதுதான். இதைக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் மறக்க மாட்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஊக்க உரை இல்லை. அதிகாலையில் ஒரு மூலையும் அரை மணி நேரமும்.

எல்லாருக்கும் காரணம் இப்படி வெளியில் இருக்காது. பாடம் திடீரென்று கடினமாகிற இடத்தில் சிலர் நிற்பார்கள். இந்தியில் பால் வேறுபாடு வினைச்சொல்லைப் பாதிக்கத் தொடங்கும் இடம் அப்படிப்பட்டது. வேறு சிலர் எதற்காகத் தொடங்கினோம் என்பதையே மறந்திருப்பார்கள். களைப்பு என்றால் நேரத்தை மாற்றுங்கள். கடினம் என்றால் இரண்டு பாடம் பின்னால் போங்கள். நோக்கம் மறந்துபோயிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் மொழியைக் காப்பது

ஒதுக்கி வைத்த மொழிக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் எதற்கு என்று கேட்கலாம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது; இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கப் பார்க்க அந்த நழுவல் மெதுவாகிறது. இதை வைத்து, செபாஸ்டியன் லைட்னர் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1970-களில் அட்டைப்பெட்டி முறை ஒன்றைப் பரப்பினார். இன்று கைப்பேசியில் இருக்கும் ஆங்கி போன்ற செயலிகளும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிற ஊரில், அட்டையே நம்பகமானது. வாடைக் காலத்தில் மின்சாரம் போனாலும் அட்டை அணைந்துபோகாது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முன்புறம் தமிழ் வாக்கியம், பின்புறம் கற்கிற மொழியின் வாக்கியம். பனை ஓலைப் பெட்டி ஒன்றை எடுத்து, தடித்த அட்டையால் மூன்று அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறையில் உள்ளவற்றைத் தினமும், இரண்டாம் அறையில் உள்ளவற்றை மூன்று நாளுக்கு ஒருமுறையும், மூன்றாம் அறையில் உள்ளவற்றை வாரம் ஒருமுறையும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும்; தவறியது முதல் அறைக்குத் திரும்பும். ஒரு நாளைக்குப் பத்து அட்டைகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

அட்டையில் தனிச் சொல்லை எழுதுவதைவிட வாக்கியத்தை எழுதுவது மேல். அதிலும் உங்கள் வீட்டில் உண்மையிலேயே சொல்லப்படுகிற வாக்கியம் வேண்டும். பாட நூலில் வருகிற “தோட்டத்தில் ரோஜாக்கள் பூத்திருக்கின்றன” என்பதைச் சொல்ல உங்கள் ஊரில் ஒரு நாளும் வாய்ப்பு வராது. “நேற்றுப் போன படகு இன்னும் கரைக்கு வரவில்லை”, “தண்ணீர் லாரி இன்றைக்கு வருமா?”, “ஐஸ் உருகுவதற்குள் மீனை எடை போட்டுவிடுங்கள்” என்று எழுதினால், தமிழில் அந்த வாக்கியத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் மற்ற மொழி வாக்கியம் தானாக எழும். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியை நம் பகுதியில் பல வீடுகளில் வைத்திருப்பார்கள். அதில் கேட்கிற ஒரு செய்தியை மூன்று எளிய ஆங்கில வாக்கியமாக்குவதும் ஐந்து நிமிடப் பயிற்சிக்குப் பொருத்தமானது.

இந்தி கற்கிறவர்களுக்கு நம் கரையில் கிடைக்கிற வாய்ப்பு தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு இல்லை. இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளியால் நீர் இறைத்து ஊற்றுகிறவர்களும், நான்கு ரத வீதிகளில் சங்கும் பாசிமாலையும் விற்கிறவர்களும், வடநாட்டு யாத்திரிகர்களோடு இந்தியில் தடையில்லாமல் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களில் பலர் எழுதத் தெரியாமல், காதால் மட்டுமே கற்றவர்கள். மாதம் ஒருமுறை அங்கே போய் ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். விலை, வழி, நேரம் ஆகிய மூன்றைப் பற்றியும் யாரிடமாவது இரண்டு வாக்கியம் பேசிவிட்டு வாருங்கள். நோக்கம் மறந்துபோனவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். ‘பிற்காலத்தில் உதவும்’ என்பது மிகத் தொலைவில் இருக்கிற நோக்கம். ஒரு மனிதர் நாம் சொன்னதைப் புரிந்துகொண்டு தலையாட்டுவது அன்றைக்கே கையில் கிடைக்கிற நோக்கம். கீழக்கரையில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு ஒரு காலத்தில் செழித்ததும் இப்படித்தான். கடல் வணிகமும் சமயமும் அங்கே அன்றாடம் அந்த எழுத்தைக் கேட்டன, மக்கள் அதைக் கற்றார்கள்.

தேர்வு எழுதுவதும் பலருக்குப் பிடிமானம் தரும். 1918-இல் தொடங்கிய தட்சிண பாரத் இந்தி பிரசார சபையின் பிராத்மிக் முதலான தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. தடைக்காலத்துக்குப் பிறகு படிக்கத் தொடங்கினால் ஆகஸ்டுக்கு நாள் போதாது. நம் கரையின் பிள்ளைகளுக்குப் பிப்ரவரியே பொருத்தம் என்பது என் கருத்து.

கணினி: ஏதாவது ஒன்றைச் செய்து முடிப்பது

கணினி வகுப்புகளில் பிள்ளைகள் ஆர்வம் இழப்பதற்கு முதன்மையான காரணம், அவர்கள் எதையும் செய்து முடிக்காமல் பட்டியல் பட்டியலாகக் கட்டளைகளை எழுதிக்கொண்டே இருப்பதுதான். முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் பயன்படுகிற ஒன்றைச் செய்ய வேண்டும். என் மாணவிக்கு நான் கொடுத்த முதல் வேலை, நோட்டின் கடைசித் தாளில் அவளுடைய அம்மா எழுதியிருந்த அந்த நண்டுக் கணக்கை எக்செல் விரிதாளில் ஏற்றுவது.

அவள் தேதி, எடை, விலை என்று மூன்று நெடுவரிசைகள் போட்டாள். எடையில் “3 கிலோ”, “4 கிலோ”, “2 கிலோ” என்று ஒழுங்காகத் தட்டினாள். கீழே ‘சம்’ என்ற கூட்டல் சூத்திரத்தைப் போட்டாள். விடை 0 என்று வந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள், மறுபடியும் 0. மூன்றாம் முறை போட்டுவிட்டு, “எனக்கு இது வராது சார்” என்று சுட்டியை நகர்த்தி வைத்துவிட்டாள்.

கணினி மெத்தப் படித்த கணக்குப்பிள்ளை போன்றதன்று. எண்ணை மட்டுமே கூட்டும். ‘கிலோ’ என்ற சொல் சேர்ந்ததும் அந்தக் கட்டம் முழுவதையும் எழுத்தாகவே அது எடுத்துக்கொள்கிறது. எழுத்தைக் கூட்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளாது. நான் அதைச் சொல்லாமல், “முதல் கட்டத்தில் ‘கிலோ’வை மட்டும் அழித்துப் பாரும்மா” என்றேன். விடை 3 ஆயிற்று. அவள் எதுவும் பேசவில்லை. இரண்டாம் கட்டத்தில் அழித்தாள், 7. மூன்றாவதில் அழித்தாள், 9. பிறகு தானாகவே மேலே போய், தலைப்பை ‘எடை (கிலோ)’ என்று மாற்றினாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் விலை நெடுவரிசையையும் முடித்துவிட்டே எழுந்தாள்.

முட்டுக்கட்டையைக் கையாளும் முறை இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் விடை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். இருபது நிமிடம் முயன்றும் வரவில்லை என்றால், என்ன செய்தேன், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்ற மூன்றையும் எழுதி வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். எழுதும்போதே பாதிப் பிழைகள் அகப்பட்டுவிடும். மீதியை மறுநாள் யாரிடமாவது காட்டலாம்.

தட்டச்சு கற்கிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. 1999-இல் முறைப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் கற்பது எளிது. ஆனால் தட்டச்சுப் பயிலகங்களில் கற்றுத்தரும் அமைப்பு வேறு. அரசு வேலைக்கான தட்டச்சுத் தேர்வு எழுதப் போகிறீர்களா, உங்கள் சொந்த எழுத்துக்காகவா என்று முதலில் முடிவு செய்துகொண்டு ஒன்றைமட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கற்றால் விரல்கள் குழம்பும். அந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் தங்கள் சோம்பல் என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

நிரலாக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டு கடலையும் இணைக்கிற ஒரு கால்வாயை வெட்டிக்கொள்ளலாம். பைத்தானில் ஒரு பெயரைத் தவறாகத் தட்டினால், “நேம் இஸ் நாட் டிஃபைண்ட்” என்ற பாணியில் ஒரு பிழைச்செய்தி வரும். அதைக் கண்டு மிரளாமல், தனி நோட்டில் இடப்பக்கம் அந்த ஆங்கிலச் செய்தியை அப்படியே எழுதி, வலப்பக்கம் “இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை” என்று தமிழில் எழுதுங்கள். சில பக்கங்கள் நிரம்புவதற்குள், ஆங்கிலத்தின் செயப்பாட்டுவினை வாக்கியம் உங்களுக்குப் பழகியிருக்கும். இலக்கணப் பாடத்தில் அதையே நான்கு முறை படித்தும் புரியாதவர்கள் இப்படிப் புரிந்துகொண்டதைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலம் அறவே தடையாக இருந்தால், தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ என்ற நிரல்மொழியில் அடிப்படைகளைப் பழகிவிட்டுப் பைத்தானுக்கு வரலாம்.

இந்த வகைக் கற்றலுக்கு நம் வீட்டிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். படகில் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம், நேற்று மீன் கிடைத்த இடத்தை எப்படிக் குறித்து வைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பட்டியல்களில் எந்த வரிக்குப் போவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விரல் நடுங்காமல் காட்டுவார். பள்ளியில் ஆங்கிலம் வரவில்லை என்று ஐந்தாம் வகுப்போடு நின்றவராக அவர் இருக்கலாம். கரைக்குத் திரும்பி வர அந்தச் சொற்கள் வேண்டியிருந்தன, அவர் கற்றுக்கொண்டார்.

நேரத்தைக் கட்டிவைப்பது

பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டு வந்தால், அடுத்த ஒரு வாரம் எல்லார் கையிலும் புது நோட்டு இருக்கும். இரண்டாம் வாரம் இருக்காது. கனவு காணச் சொன்னதைமட்டும் நாம் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவர் சிறுவயதில் செய்த வேலையைச் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனதால், இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள். அவற்றை எடுத்துச் சேர்க்கும் வேலையில் அவர் தம் உறவினருக்கு உதவினார். கட்டு விழும்போது அங்கே நிற்க வேண்டும். அன்றைக்கு மனம் எப்படி இருக்கிறது என்று ரயில் கேட்காது.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் செய்த ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. “நன்றாகப் படிப்பேன்” என்று உறுதி எடுப்பவர்களைவிட, “இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்” என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். கடிகார நேரத்தைவிட, வீட்டில் நாள்தோறும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுவது நம் ஊருக்குப் பொருந்தும். “விடியலில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இறக்கியதும் ஓலைப்பெட்டியைத் திறப்பேன்” என்று என் மாணவி எழுதினாள். வேறொரு பையன், பாங்கு சொல்லி முடிந்ததும் பத்து அட்டைகள் என்று வைத்துக்கொண்டான்.

இந்தப் பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 21 நாள் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் அச்சான ஆய்வில், சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. சராசரியை எடுத்தால் ஒரு முழுத் தடைக்காலமும் மேலும் ஐந்து நாளும். அதே ஆய்வின் இன்னொரு முடிவுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது: நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கு

தேர்ச்சி பெற்றால் கைப்பேசி வாங்கித் தருகிறேன் என்று பெற்றோர் சொல்வதை நான் விரும்புவதில்லை. 1971-இல் எட்வர்ட் டெசி வெளியிட்ட சோதனையில், புதிர் விடுவிப்பதற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. பரிசைவிட, பிள்ளை கற்றதை வீட்டில் பயன்படுத்தினால் அதன் பலன் நீடிக்கும். நண்டுக் கணக்கை விரிதாளில் ஏற்றிய மாணவியின் அம்மா, வியாபாரி வந்தபோது, “பாப்பா, போன மாசம் மொத்தம் எவ்வளவு போட்டோம்னு பாத்துச் சொல்லு” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் என்னிடம் கணினியில் மனம் ஒட்டவில்லை என்று சொன்னதில்லை.

துணையும் வேண்டும். மாலையில் வெளியே வர முடியாத பெண் பிள்ளைகள், வீட்டில் உள்ள தம்பிக்கோ பக்கத்து வீட்டுச் சிறுமிக்கோ அன்று கற்ற மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொடுக்கலாம். மறுநாள் அந்தச் சிறுமி வந்து வாசலில் நிற்பாள். அவளுக்காகவாவது பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

விட்டுத் திரும்புவது, விட்டுவிடுவது

என்ன செய்தாலும் ஒரு கட்டத்தில் பத்து நாளோ ஒரு மாதமோ அறுந்துபோகும். புயல் எச்சரிக்கை, காய்ச்சல், கல்யாணம், தேர்வு முடிவு என்று ஏதாவது வரும். அப்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு, புது நோட்டு வாங்கி முதல் எழுத்திலிருந்து தொடங்குவது. அப்படித் தொடங்கியவர்கள் முதல் ஒன்பது பக்கத்தை ஆறு முறை எழுதியிருப்பார்கள்; பதினைந்தாம் பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பழைய நோட்டையே எடுங்கள். கையெழுத்து தளர்ந்த பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கம் பின்னோக்கிப் போய், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை ஐந்து நிமிடம் செய்யுங்கள். முதல் நாள் அவ்வளவுதான். ஆசையாக இருந்தாலும் அதற்குமேல் வேண்டாம். விட்ட நாள்களுக்கும் சேர்த்து இரட்டிப்பாகப் படிக்க முயன்றால் மூன்றாம் நாள் மீண்டும் அறும்.

சிலவற்றை முழுதாக விட்டுவிடுவதும் சரியே. தொடர்களைப் பார்த்துக் கொரியன் கற்கத் தொடங்கிய ஒரு பையன், அரையாண்டு கழித்து, அந்த மொழியில் யாரோடு பேசப் போகிறாய், எதைப் படிக்கப் போகிறாய் என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றான். அவனை விட்டுவிடச் சொன்னேன். ஆனால் ஆர்வம் ஏறியிருக்கிற ஒரு நாளில், நிதானமாக யோசித்து, நோட்டில் தேதியிட்டு “இதை இன்றோடு நிறுத்துகிறேன்” என்று எழுதிவிட்டு நிறுத்தச் சொன்னேன். சோர்ந்த நாளில் எடுக்கும் முடிவும் தெளிந்த நாளில் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது முடிவு. அவன் அப்படி எழுதிவிட்டு, அந்த நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தான்.

இந்தி நோட்டோடு வந்த மாணவி இப்போது வடகடலில் வாடை எழுந்திருக்கிற இந்தக் கார்த்திகையில் பிராத்மிக் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். விரிதாளுக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம். பதினான்காம் பக்கத்தில் பாதியில் நின்றிருந்த வாக்கியத்தை வேறு நிற மையில் முடித்து, பக்கத்தில் தேதி போட்டிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் ஓரக்கோடு இழுக்கப்படவில்லை. எழுத்து மட்டும் கோணலும் மாணலுமாகக் கடைசி வரிவரை ஓடியிருக்கிறது.